மணியோசை கேளாத மன்னன்

தலைவனுக்கு உரிய பண்புகள் யாவை என்று நம் மாணவர்களைக் கேட்டால், வீரம், கல்வி, கொடை, நாவன்மை என்று விரல்விட்டு எண்ணத் தொடங்குவர். எடுத்துக்காட்டு ஒன்று கூறுமாறு கேட்டால், சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனைச் சொல்லாத மாணவர் அரியர். 'நீதிக்காக உயிர் நீத்தவன்' என்ற தொடர் பேச்சுப் போட்டி மேடைகளில் ஆண்டுதோறும் முழங்குகின்றது. கைத்தட்டலும் கிடைக்கின்றது. அத்தொடரை மாணவருக்கு எழுதிக் கொடுப்பவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.

அத்தொடரில் பொய்யில்லை. ஆயினும், ஒரு தலைவனின் தகுதியை அவன் இறந்த விதத்தைக் கொண்டு மட்டும் அளப்பது முறைதானா என்பது எண்ணத்தக்கது. தவறு நேர்ந்த பின் அதனை ஒப்புக்கொள்வது உயர்ந்த பண்பே. தவறு நேருமுன் அதனைத் தடுக்கும் பண்பு யாது? அப்பண்பு பாண்டியனிடம் இருந்ததா? இவ்வினாக்களுக்கு இளங்கோவடிகள் தம் காப்பியத்திலேயே விடை வைத்திருக்கின்றார். அவ்விடையை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாண்டியன் பெருமை

முதலில் பாண்டியனுக்கு உரிய பெருமையைக் குறைவின்றி வழங்கிவிடுவோம். வழக்குரை காதையில், ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்தி, விரிந்த கூந்தலும் வழியும் கண்ணீருமாக ஒருத்தி அரண்மனை வாயிலில் வந்து நிற்கின்றாள். வாயிற்காவலன் அஞ்சி நடுங்கி, கொற்றவையோ காளியோ என்று ஐயுறும்படி ஒருத்தி நிற்பதாக அறிவிக்கின்றான். கேட்ட மன்னன் 'விரட்டு' என்று சொல்லவில்லை. உள்ளே அழைத்துவரச் சொல்கின்றான். வந்தவளை நோக்கி, நீ யார் என்று வினவுகின்றான். ஆராய்ந்து பாராத மன்னனே என்று முகத்துக்கு நேரே அவள் பழித்த போதும் அவன் சினந்தெழவில்லை.

கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று தன் கட்சியை எடுத்துரைக்கின்றான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் கூறியதும், நன்று சொன்னாய் என ஏற்று, தங்கள் சிலம்பில் உள்ளவை முத்துப் பரல்கள் என்று தானே முன்வந்து சொல்கின்றான். கோவலனிடமிருந்து பறித்த சிலம்பைக் கொணரச் செய்து அவள் முன் வைக்கின்றான். அவள் அதனை உடைக்க, மாணிக்கம் தெறிக்கின்றது. தான் அரசனல்லன், தானே கள்வன் என்று கூறி, அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் விடுகின்றான்.

தனக்கு எதிரான சான்றைத் தானே அவைக்குக் கொணர்ந்து, அது தன்னைக் குற்றவாளியாக்கியவுடன் ஒரு நொடியும் தயங்காமல் தீர்ப்பளித்துக்கொண்ட மன்னனை எளிதில் காண முடியாது. இதனை மறுப்பார் இலர்.

ஒரு சொல் வாளாகின்றது

இனி, நான்கு காதைகள் பின்னோக்கிச் சென்று கொலைக்களக் காதையைக் காண்போம்.

ஆடல் மகளிரின் கூத்தை அரசன் கண்டு களித்திருக்கின்றான். கோப்பெருந்தேவி ஊடல் கொண்டு, தலைநோய் என்று காரணம் காட்டி எழுந்து செல்கின்றாள். மன்னன் தன் அமைச்சர் சுற்றத்தை விட்டு நீங்கி அவள் அரண்மனையை நோக்கி நடக்கின்றான். அவ்வேளையில்தான் பொற்கொல்லன் காலில் விழுகின்றான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே. அவன், மந்திரத்தால் காவலரை உறங்கச் செய்து சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் குடிலில் இருக்கின்றான் என்று சொல்ல, அரசன் ஊர்க்காவலரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதனைக் கொணருமாறு பணிக்கின்றான்.

இளங்கோவடிகள் அமைத்திருக்கும் சூழலைக் கூர்ந்து நோக்க வேண்டும். அமைச்சர் அருகில் இல்லை. அரசன் மனமோ ஊடல் தீர்ப்பதில் இருக்கின்றது. குற்றம் சாட்டுபவன் ஒருவனே சாட்சியும் ஆகின்றான். கட்டளையோ ஒரு மூச்சில் முடிந்துவிடுகின்றது. அறிவில்லாத அரசன் ஒருவன் செய்த பிழை அன்று இது. பின்னர் அவையில் அத்தனை நேர்மையாக விசாரிக்கத் தெரிந்தவன், விசாரிக்க வேண்டிய வேளையில் விசாரிக்கவில்லை. 'நீ யார்' என்ற வினாவை மனைவியிடம் அவன் கேட்டான். கணவனிடம் அவ்வினாவைக் கேட்டார் ஒருவரும் இலர்.

அதற்கு அடுத்து நிகழ்வதுதான் காப்பியத்தின் நெஞ்சைப் பிளக்கும் பகுதி. காவலர் கோவலனைக் காண்கின்றனர். அவன் தோற்றத்தைப் பார்த்து, இவன் கொலைக்கு உரியவன் அல்லன் என்று கூறுகின்றனர். உண்மை அவர்கள் வாயில் வந்துவிட்டது! பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டினைத் துணையாகக் கொண்டவர்கள் கள்வர்கள் என்று நீண்ட உரை ஒன்றை நிகழ்த்துகின்றான். இளங்காவலன் ஒருவன், இருளில் கள்வன் ஒருவனிடம் தன் வாளைப் பறிகொடுத்த கதையைச் சொல்கின்றான். சொல்லிவிட்டு, அரசன் நம்மை ஒறுப்பானே, இனிச் செய்யத்தக்கதைச் சொல்லுங்கள் என்கின்றான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, கல்வியறிவற்ற குடியன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான்.

அந்த இளங்காவலன் வாயில் வந்த அச்சத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். காவலருக்கு ஐயம் இருந்தது. ஐயத்தை வெளியே சொல்லும் நாவும் இருந்தது. ஆயினும், 'மன்னவ! இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லை. ஒருமுறை நேரில் காண்பீராக' என்று அரண்மனைக்குத் திரும்பிச் செல்லும் எண்ணம் அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கட்டளை கீழே இறங்கி வந்தது. ஐயம் மேலே ஏறிச் செல்ல வழியில்லை. அறிவுடையவர்கள் தயங்கி நின்ற அவ்விடைவெளியில், அறிவற்றவன் கை முந்திக்கொண்டது.

தலைவனின் அவசரம் படிப்படியாகக் கீழே இறங்கும்போது, எல்லோரிலும் கடையவன் கையில் அது வாளாகிவிடும் என்பதை இதனினும் தெளிவாக எக்காப்பியம் காட்டியிருக்கின்றது?

ஊழ் என்னும் விடை

'எல்லாம் ஊழ்வினை, பாண்டியன் என் செய்வான்?' என்று சிலர் கூறுவர். வினை விளையும் காலம் வந்தமையால் மன்னன் ஆராயாதவன் ஆனான் என்று அடிகளும் கூறுகின்றார். ஆயினும் ஊழைக் கூறிய அதே இடத்தில், அரசன் ஆராயவில்லை என்பதையும் சேர்த்தே அவர் கூறுவதை மறத்தல் ஆகாது. மேலும், காப்பியம் நிலைநாட்டப் புகுந்த மூன்று உண்மைகளில் முதலாவதாகப் பதிகம் குறிப்பது, அரசியலில் பிழைத்தவனுக்கு அறமே கூற்றுவனாகும் என்பதாகும். பிழை முழுவதும் ஊழின் தலையிலே ஏறுமாயின், அரசனுக்கு அறம் ஏன் கூற்றாக வேண்டும்? ஊழ் வாயிலைத் தட்டலாம். ஆராயாமை என்னும் தாழ்ப்பாளை உள்ளிருந்து நீக்கியவன் மன்னனே.

ஒலிக்காத மணி

வழக்குரை காதையில் கண்ணகி தன் ஊரைப் பற்றிக் கூறும்போது, புறாவின் துயர் தீர்த்த மன்னனையும், கன்றை இழந்த பசு வாயில்மணியை அசைக்கக் கேட்டுத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனையும் நினைவூட்டுகின்றாள். வாயில்லாத பசுவும் எட்டித் தொடும்படி தொங்கிய மணி அது.

மூன்று காதைகள் கடந்து, கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றிப் பாண்டியனைப் புகழ்கின்றது. மறை ஓதும் ஒலியை அன்றி, முறை வேண்டுவோர் அசைக்கும் மணியின் ஒலியை அவன் கேட்டதேயில்லை என்கின்றது அத்தெய்வம். குறை கூறுவாரே இல்லாத நல்லாட்சி என்பது அதன் கருத்து. உரைகூறுவோரும் இதனைப் புகழாகவே கொள்வர். அப்பொருளே நேர்ப்பொருள் என்பதை நானும் ஏற்கின்றேன்.

ஆனால் இவ்விரு மணிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் வேறொரு பொருளும் புலப்படுகின்றது. சோழன் மணி ஒலித்தது. அதனால் அவனுக்குத் தன் மகன் செய்த பிழை தெரிந்தது. பாண்டியன் மணி ஒலிக்கவேயில்லை. அவன் காவலர் நெஞ்சிலிருந்த ஐயம் அவன் செவியை எட்டவேயில்லை. மணி ஒலிக்காமை, குறை இன்மையைக் காட்டலாம். மணியைத் தொட அஞ்சுகின்றார்கள் என்பதையும் காட்டலாம். இரண்டுக்கும் ஓசை ஒன்றுதான், அதாவது, ஓசையின்மை. எது எது என்று பிரித்தறிவதே தலைவனின் கடமை. 'என்னிடம் ஒருவரும் குறை கூறியதில்லை' என்று பெருமை பேசும் தலைவர்கள் இவ்விடத்தைப் பலமுறை படித்தல் நன்று.

திறவாத கதவு

அதே கட்டுரை காதையில், அதே தெய்வத்தின் வாயால், அடிகள் மற்றொரு வழக்கையும் கூறுகின்றார். மேடைகளில் இக்கதை மிகுதியும் பேசப்படுவதில்லை.

திருத்தங்கால் என்னும் ஊரில் வார்த்திகன் என்ற அந்தணன் வாழ்ந்தான். சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பராசரன் என்பவன், அவ்வூரில் தங்கியபோது வார்த்திகனின் சிறுமகன் பிழையின்றி மறை ஓதக் கேட்டு மகிழ்ந்து, அணிகலன்களை அச்சிறுவனுக்கு அளித்துச் சென்றான். எளிய குடும்பத்தில் திடீரெனப் பொன் மின்னுவதைக் கண்ட அரசு ஏவலர், புதையலைக் கவர்ந்தான் என்று வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் விழுந்து புரண்டு அழுதாள். அப்போது ஐயை கோயிலின் கதவு திறவாமல் நின்றது.

செய்தி மன்னனுக்கு எட்டியது. அவன் கதவைத் தச்சரைக் கொண்டு உடைக்கச் சொல்லவில்லை. கலங்கினான், என் ஆட்சியில் ஏதேனும் முறை தவறியதோ, அறிந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டான். ஏவலர் நடந்ததைச் சொன்னார்கள். அறியாதார் செயலால் தன் முறை திரிந்தது என்று கூறி, வார்த்திகனிடம் பொறுத்தருள வேண்டினான். திருத்தங்காலையும் வயலூரையும் அளித்தான். நிலத்தில் வீழ்ந்து வணங்கினான். கதவு திறந்த ஓசை நகர் எங்கும் கேட்டது. அதன் பின் சிறைக்கோட்டங்களைத் திறந்துவிடவும், புதையல் எடுத்தவருக்கே உரியதாகவும் ஆணையிட்டான்.

இரண்டு வழக்குகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வார்த்திகன் எளியவன், கோவலன் வேற்றூரான். இருவர் கையிலும் பொன் இருந்தது. அது அவர்கள் கையில் இருக்கத்தக்கதன்று என்று கண்டவர் கருதினர். இருவர் வழக்கிலும் ஏவலரே பிழை செய்யும் கருவி ஆயினர். ஒருவன் மனைவி அழுத அழுகை, கணவன் உயிரோடிருக்கும்போதே மன்னனை எட்டியது. மற்றவன் மனைவியின் அழுகை, கணவன் வெட்டுண்ட பின்னரே எட்டியது. வேறுபாடு இவ்வளவே. இவ்வேறுபாடு ஒரு நகரின் வாழ்வுக்கும் எரிவுக்கும் உள்ள வேறுபாடாயிற்று.

வார்த்திகனை விடுவித்த மன்னனிடம் தலைமைப் பண்புகள் நான்கு வரிசையாக அமைந்திருக்கின்றன. சிறு அறிகுறியையும் தள்ளாமல் கலங்குதல். 'சொல்லுங்கள்' என்று கேட்டல். ஏவலர் பிழையைத் தன் பிழையாக ஏற்றல். இனி அப்பிழை நேராதபடி விதியை மாற்றுதல். அவன் உயிர் விடவில்லை. விட வேண்டிய தேவையும் நேரவில்லை. அதனாலேயே நாம் அவனை மறந்துவிட்டோம் போலும்!

செங்குட்டுவன் தீர்ப்பு

பாண்டியன் இறந்த செய்தியைக் கேட்ட சேரன் செங்குட்டுவன், வினையால் வளைந்த கோலை அவன் உயிர் நிமிர்த்திவிட்டது என்று போற்றுகின்றான். மழை பொய்த்தால் அச்சம், உயிர்கள் துன்புற்றால் அச்சம், கொடுங்கோலுக்கு அச்சம். அரசனாய்ப் பிறத்தல் துன்பமே என்றும் கூறுகின்றான். நம் மேடைத் தொடர் பிறந்த இடம் இதுவே. ஓர் அரசன் மற்றோர் அரசனுக்குச் செலுத்திய மரியாதை என்ற அளவில் அது மிக உயர்ந்த கூற்று.

ஆயினும் கோல் உண்மையிலே நிமிர்ந்துவிட்டதா? மன்னன் உயிர் விட்டான், தேவியும் உயிர் விட்டாள், மதுரை எரிந்தது. கோவலன் எழவில்லை. அம்மட்டோடும் முடியவில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினம் தணிக்க ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டதாகக் காப்பியம் கூறுகின்றது. குற்றம் செய்தவன் ஒருவன்; மாண்டவர் ஆயிரவர். ஆராயாமல் ஒருவனைக் கொன்ற குற்றத்துக்குக் கழுவாயாக, ஆராயாமல் ஆயிரவர் கொல்லப்பட்டனர்! தலைவன் தன்னையே தண்டித்துக்கொள்வதால் அவன் விட்டுச் சென்ற பழக்கம் திருந்திவிடாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமா? அடிகள் இதற்கு உரை எதுவும் கூறவில்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்துவிட்டு நகர்கின்றார்.

குறள் தரும் அளவுகோல்

திருவள்ளுவர் பொருட்பாலில் தலைவனை அளக்கும் கோல்கள் பல தருகின்றார். இறைமாட்சி அதிகாரத்தில், எளிதில் அணுகத்தக்கவனாகவும் கடுஞ்சொல் இல்லாதவனாகவும் உள்ள மன்னனை உயர்த்துகின்றார். செவிக்குக் கசப்பான சொல்லையும் தாங்கிக்கொள்பவனின் குடைக்கீழ் உலகம் தங்கும் என்கின்றார். பெரியாரைத் துணைக்கோடலில், இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்கின்றார். தெரிந்து தெளிதலில், ஆராயாமல் ஒருவனை நம்புவதன் தீங்கை எச்சரிக்கின்றார். தெரிந்து செயல்வகையில், தொடங்கிய பின் எண்ணிக்கொள்வோம் என்பதை இழுக்கு என்கின்றார்.

இவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால், அனைத்தும் ஒரே பண்பின் பல முகங்கள் என்பது விளங்கும். பிறர் சொல் தன்னை எட்டுமாறு வாழ்தலே அப்பண்பு. பாண்டியன் கசப்புச் சொல்லைப் பொறுத்தான். ஆனால் காலம் கடந்து பொறுத்தான். அணுகுவதற்கு வாயிலைத் திறந்தான்; ஆனால் பிணம் விழுந்த பின் திறந்தான்.

ஏவலரையும் வள்ளுவர் விட்டுவிடவில்லை. அமைச்சு அதிகாரத்தில், மன்னன் அறியாதவனாயினும், சொல்வாரின் அறிவை மறுப்பவனாயினும், உறுதியை எடுத்துச் சொல்லுதல் அருகிலிருப்பவன் கடன் என்கின்றார். ஆகவே, 'இவன் கள்வன் அல்லன்' என்று தமக்குள் பேசி நின்ற காவலரும் குற்றத்துக்குப் பங்காளிகளே. எனினும், சொல்ல அஞ்சாத துணையைத் தேடிக்கொள்வதும், அவர் அஞ்சாமல் இருக்குமாறு நடந்துகொள்வதும் தலைவன் பொறுப்பு.

நம் பள்ளிகளிலே

மன்னர்கள் போய்விட்டனர். தலைமை போய்விடவில்லை. தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலத்தில், துரையின் சொல் கிராணிக்கும், கிராணியின் சொல் கங்காணிக்கும், கங்காணியின் சொல் பால்மரம் வெட்டுவோருக்கும் இறங்கி வந்தது. கீழிருந்து மேலே செல்லும் சொல்லுக்கு அத்தகைய படிக்கட்டு இல்லை. அக்காலம் கடந்துவிட்டது. அப்பழக்கம் நம் நடையிலும் குரலிலும் எஞ்சியிருக்கின்றதா என்பதை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் ஒரு பிள்ளையின் ஐந்து வெள்ளி காணாமற் போகின்றது என்று வைத்துக்கொள்வோம். வேறொரு பிள்ளையின் கையில் புதிய பென்சில் பெட்டி இருக்கின்றது. அப்பிள்ளை ஏழைத் தொழிலாளியின் மகன். அண்மையில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவன். 'அவன்தான் ஐயா' என்று ஒரு குரல் எழுகின்றது. அடுத்த பாடவேளைக்கு மணி அடிக்கப் போகின்றது. அலுவலகத்தில் அதிகாரி காத்திருக்கின்றார். அந்த ஒரு நிமிடத்தில் ஆசிரியர் என்ன சொல்கின்றார் என்பதில்தான் செங்கோலும் கொடுங்கோலும் பிரிகின்றன. 'உன் பெட்டி எங்கிருந்து வந்தது?' என்று தனியே, பொறுமையாக ஒரு வினா போதும். மாமா வாங்கிக் கொடுத்தார் என்று விடை வரலாம். வினாவின்றிக் 'கள்ளன்' என்ற சொல் விழுந்துவிட்டால், அதனை வகுப்பிலிருக்கும் முப்பது பிள்ளைகளும் எடுத்து வீசுவார்கள். பின்னர் ஆசிரியர் எத்துணை வருந்தினாலும் அப்பெயர் அப்பிள்ளையை விட்டு எளிதில் நீங்காது.

தலைமையாசிரியருக்கும் இது பொருந்தும். ஆசிரியர் கூட்டத்தில் எதிர்ச்சொல் ஒன்றும் எழாவிட்டால், எல்லோரும் உடன்பட்டனர் என்று மகிழ்வதற்கு முன், மணி ஏன் ஒலிக்கவில்லை என்று ஒருமுறை எண்ண வேண்டும். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் இளம் ஆசிரியையிடம், 'அம்மா, இதில் உங்களுக்குத் தோன்றும் குறை என்ன?' என்று கேட்க வேண்டும். கேட்டபின் அவர் சொன்னதற்காக முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். இரண்டாவதே கடினமானது. முதன்முறை சொன்னவர் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் இரண்டாமவர் வாய் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்கின்றார்.

ஆதலின், தமிழாசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்வது ஒன்று. வழக்குரை காதையைக் கற்பிக்கும்போது, பாண்டியன் உயிர் நீத்த பெருமையோடு நிறுத்திவிடாதீர்கள். கொலைக்களக் காதையின் காவலரையும், கட்டுரை காதையின் திறவாத கதவையும் சேர்த்தே கற்பியுங்கள். 'காவலர் ஏன் அரண்மனைக்குத் திரும்பிச் செல்லவில்லை?' என்று மாணவரைக் கேளுங்கள். மனப்பாடம் செய்த விடை இவ்வினாவுக்குப் பயன்படாது; அவர்கள் சிந்தித்தே ஆக வேண்டும். நாளை அவர்களில் ஒருவர் சங்கத் தலைவராகலாம், மேற்பார்வையாளராகலாம், ஆசிரியராகலாம். தவறிய பின் வருந்தத் தெரிந்த தலைவர் நமக்குச் சிலர் உண்டு. தவறுமுன் கேட்கத் தெரிந்த தலைவரை உருவாக்குவது நம் வகுப்பறைகளின் கடமை.